பெயர் சொல்லும் வரை

"இந்த வருஷம் வேண்டாமே, லொரெட்டா" என்று பிலோமினா போனில் சொன்னதை நீங்களாக இருந்தால் மறப்பீர்களா? லொரெட்டா மறப்பாளா? கிறிஸ்துமஸ் காலையில் கண் விழித்ததும் முதலில் காதில் விழுந்தது அதுதான். வேண்டாமாம். அதில் ஒரு 'மே' வேறு, தேன் தடவினாற்போல. கழுத்தை அறுக்கிறவர்கள் அறுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே, எதற்கு இந்தக் குழைவு?

கல்யாணமாகி ஸ்கல்பின் கோவ் என்ற இந்தக் கடலோர ஊருக்கு வந்த நாளிலிருந்து ஒரு கிறிஸ்துமஸ் விருந்துகூட அவள் இல்லாமல் நடந்ததில்லை. நாத்தனார் பிலோமினா வீட்டில் வான்கோழி, லொரெட்டா கையால் திராட்சை புட்டிங். ஜெரார்ட் அவளை உதறிவிட்டு செயின்ட் ஜான்ஸ் நகரத்தில் கொலீன் என்கிறவளோடு குடித்தனம் வைத்த பிறகும், போன வருஷம் பிலோமினா நேரில் வந்து அழைத்துப் போனாள். அவன் எப்படியோ போகட்டும், நீதான் எங்கள் வீட்டுப் பெண் என்று கட்டிக்கொண்டு அழுதாள். இந்த வருஷம் அந்த மேசையில் ஜெரார்டுக்கு ஒரு நாற்காலி, கொலீனுக்கு ஒரு நாற்காலி. மகள் நோராவையும் நேற்றே ஆள் அனுப்பிக் கூட்டிக்கொண்டு போயாயிற்று. பெண்ணுக்கு அப்பா முகம் பார்க்க வேண்டாமா என்று கேட்டால் இவள் என்ன சொல்ல முடியும்?

சரி, விருந்து போகட்டும். வீடு?

இந்தக் கடலோரத்தில் பழைய வீடுகளுக்குப் பத்திரம் கிடையாது. யார் யாருக்குக் கொடுத்தார், யார் குடியிருந்தார் என்று விஷயம் தெரிந்தவர்கள் வக்கீல் முன்னால் சத்தியம் செய்து சொல்வார்கள். அதுதான் பத்திரம். மாமனார் இதே சமையலறையில் நின்று, இந்த வீடு உங்கள் இரண்டு பேருக்கும் என்று சொன்னபோது கூட இருந்தது பிலோமினா ஒருத்திதான். இப்போது ஜெரார்ட், அப்பா எனக்கு மட்டும்தான் கொடுத்தார் என்கிறான். கோடையில் மட்டும் வந்து தங்குகிற யாரோ பணக்காரர்களுக்கு விற்றுவிடப் பார்க்கிறான். பிலோமினா உண்மையைச் சொன்னால் லொரெட்டாவுக்கு வீடு. மாற்றிச் சொன்னால் தெரு. ஜனவரியில் சத்தியம். பிலோமினா என்னதான் செய்தாலும் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டாள் என்று லொரெட்டா நம்பிக்கொண்டிருந்தாள். அந்த 'வேண்டாமே'வுக்குப் பிறகு அந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டிருந்தது.

ராத்திரி முழுக்க, விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாக உறைகிற மழை. காலையில் பார்த்தால் வேலி, மரம், மின்கம்பி எல்லாவற்றுக்கும் கண்ணாடி உறை போட்டிருந்தது. மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் மேட்டுப் பக்கம் படாரென்று ஒரு சத்தம். ரேடியோவில் பாடிக்கொண்டிருந்த பாதிரியார் பாதி வரியில் நின்றுபோனார்.

லொரெட்டா மின்சார கம்பெனிக்குப் போன் போட்டாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்றது ஒரு பதிவுக்குரல். முக்கியம் என்றால் எடுத்துப் பேசேன் என்றாள் லொரெட்டா. நிலைமை கண்காணிக்கப்பட்டு வருகிறது, பண்டிகை வாழ்த்துகள் என்றது குரல். போன வருஷமும் இதே குரல், இதே வாழ்த்து. கம்பங்கள் உளுத்துப் போயிருக்கின்றன, மாற்றுங்கள் என்று ஊரே கூட்டம் போட்டுக் கத்தியது. வந்து பார்த்து, கம்பத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டுப் போனார்கள். ரிப்பன் இன்னும் இருக்கிறது, கம்பம்தான் விழுந்துவிட்டது.

அவளுக்கென்ன கவலை? சமையலறை நடுவில் இரும்பு விறகு அடுப்பு தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது. மேலே பட்டாணி சூப் கொதித்தது. உள்ளே ரொட்டி வெந்தது. ஃப்ரீசரில் இருந்த மான் இறைச்சியையும் காட் மீனையும் எடுத்துப் பின்படியில் பனிக்குள் புதைத்துவிட்டு வந்து, அடுப்புப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

இந்த அடுப்பை அவர்கள் செய்த கேலி கொஞ்சமா? போன இலையுதிர்காலத்தில் ஊரில் எல்லாரும் வீட்டைச் சூடாக்க மின்சார ஹீட் பம்ப் மாட்டிக்கொண்டார்கள். பிலோமினா ஒருபடி மேலே போய்ப் புகைக்கூண்டையே செங்கல் வைத்து அடைத்துவிட்டாள். நோரா தலையில் புகை நாற்றம் அடிக்கிறது, படிக்கிற பெண்ணை இப்படியா வைத்திருப்பாய் என்று மாதாகோயில் வாசலில் நாலு பேர் எதிரில் கேட்டாள். லொரெட்டா ஜன்னல் வழியே விரிகுடாவின் அந்தப் பக்கம் பார்த்தாள். பிலோமினா வீடு வெள்ளையாக, விறைத்துப்போய் நின்றது. புகை இல்லை, வெளிச்சம் இல்லை. நன்றாக வேண்டும் என்று நினைத்தாள். அடுத்த நிமிஷமே நோராவும் அங்கேதானே இருக்கிறாள் என்று ஜன்னல் கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தாள்.

வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். வேறு எங்கே போவார்கள்? வந்தால் என்ன கேட்க வேண்டும் என்று ரொட்டியைத் திருப்பிப் போட்டபடியே ஒத்திகை பார்த்துக்கொண்டாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு வந்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.

மதியம் தாண்டியதும் சாலையில் ஒரு வண்டி வந்து நிற்கிற சத்தம். ஜெரார்டின் டிரக். அந்த இன்ஜின் இருமலை அவள் தூக்கத்தில்கூடக் கண்டுபிடிப்பாள். கொஞ்ச நேரத்தில் பின்கதவில் தடியால் தட்டும் ஓசை. கூடவே, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே பேசுகிற ஒரு கீச்சுக்குரல்.

"வேஷங்கட்டுனவங்க உள்ள வரலாமா?"

லொரெட்டா கதவைத் திறந்தாள். நான்கு பேர். முன்னால் நின்ற பெரிய உருவம் பெண்பிள்ளை கவுன் மாட்டி, தலையில் மீன்பெட்டியைக் கவிழ்த்திருந்தது. அடுத்தது மீனவர்கள் மழைக்குப் போடுகிற எண்ணெய்த்துணிக் கோட்டும் முகத்தில் லேஸ் திரையுமாக, சாப்பாட்டு அறை ஜன்னலிலிருந்து அப்படியே கழற்றிக்கொண்டு வந்தாற்போல. மூன்றாவது சின்ன உருவம், முகத்தில் ஸ்கார்ஃப் சுற்றியிருந்தது. கடைசியாக நெட்டையாக ஒன்று, தலையணை உறையில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. நான்கு பேருக்கும் நடுவில், மெத்தைப் போர்வையில் சுற்றிய ஒரு பெரிய பாத்திரம்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் இப்படி வேஷம் கட்டி வீடு வீடாகப் போவது இந்த ஊர் வழக்கம். குரலை மாற்றிக்கொண்டு பேசுவார்கள். வந்தவர் யார் என்று வீட்டுக்காரர் கண்டுபிடித்துப் பெயர் சொன்னால், துணியை எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்தபிறகு கேக்கும் ரம்மும் கிடைக்கும். பெயர் சொல்லும் வரை முகமும் கிடையாது, சாப்பாடும் கிடையாது. வந்தவர்களை வாசலோடு விரட்டுவது பெரிய அவமரியாதை. இதெல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறார்கள்! லொரெட்டாவுக்கு உச்சந்தலை கொதித்தது. குளிருகிறது, வரலாமா என்று ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை. ஊர் வழக்கத்தைக் கவசமாக மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

அதிலும் ஒரு கோளாறு. வேஷக்காரர்கள் நாளைக்குத்தான், ஸ்டீபன் திருநாளிலிருந்துதான், வெளியே வருவார்கள். கிறிஸ்துமஸ் அன்றைக்கே வேஷம் கட்டிக்கொண்டு வந்தவர்களை இந்தக் கரையில் யாரும் பார்த்ததில்லை. அதைச் சொல்லிக் கதவைச் சாத்தினால் ஊரில் ஒருவர்கூடக் குறை சொல்ல முடியாது. லொரெட்டாவின் கை கதவில்தான் இருந்தது. ஆனால் அந்தச் சின்ன உருவம் ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டு நின்றது. நோராவுக்குப் பாதம் விறைத்தால் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

"ஒருநாள் முன்னாடியே கிளம்பிட்டீங்க போல," என்றாள் லொரெட்டா. "என்ன அவசரமோ. வாங்க."

நான்கு பேரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பாத்திரத்தைத் தரையில் இறக்கினார்கள். லொரெட்டா போர்வை நுனியைத் தூக்கிப் பார்த்தாள். வான்கோழி. மார்பு வெளுத்து, கால் சிவந்து, பாதி வேகாமல்.

"வேஷக்காரங்க சாப்பிட வருவாங்க, பாத்திருக்கேன்," என்றாள். "வேகாத வான்கோழியோட வந்ததை இன்னிக்குத்தான் பாக்குறேன். இதுவும் பேர் சொன்னாத்தான் துணி எடுக்குமா?"

மீன்பெட்டிக்குள் ஒரு சிரிப்பு வெடித்து, லேஸ் திரையின் முழங்கை பட்டு அடங்கியது. பிலோமினாவின் கணவர் ஆம்ப்ரோஸ், சிரிப்பை அடக்கத் தெரியாத மனுஷர். அவர்மேல் லொரெட்டாவுக்கு என்றைக்கும் கோபம் வந்ததில்லை. கோபமெல்லாம் அந்த லேஸ் திரைமேல்.

அவள் அடுப்பில் இன்னும் இரண்டு கட்டை சொருகினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சாவகாசமாகப் பெயர் சொல்ல ஆரம்பித்தாள். எல்லாம் தப்பான பெயர். மீன்பெட்டியைப் பார்த்து, தபால்காரர் மனைவியா என்றாள். லேஸ் திரையைப் பார்த்து, பாதிரியாரா என்றாள். இல்லை இல்லை என்று தலைகள் ஆடின. கம்பளிக்குமேல் கம்பளி, கோட்டுக்குமேல் கோட்டு, எதிரே அடுப்பு. கொஞ்ச நேரத்தில் ஆம்ப்ரோஸ் நெளிய ஆரம்பித்தார். சூப் மணம் அறை முழுக்கச் சுற்றியது. லொரெட்டா ஒரு கிண்ணத்தில் ஊற்றி, அவர்கள் எதிரிலேயே ஊதி ஊதிக் குடித்தாள்.

மகளை மட்டும் அவளால் அதற்குமேல் விட்டுவைக்க முடியவில்லை. நோரா என்று சொன்னாள். ஸ்கார்ஃபை அவிழ்த்ததும் முகம் சிவந்து, கண் கலங்கி இருந்தது.

"அம்மா, போதும்மா. வீட்ல மூச்சு விட்டா புகையா வருது. நாங்க யாருமே இன்னும் சாப்பிடல."

"வந்து கதவத் தட்டிச் சொல்றதுக்கென்ன?"

நோரா லேஸ் திரையை ஒருதரம் பார்த்தாள். "முகத்தைக் காட்டிக்கிட்டு அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்னு அத்தை சொன்னாங்க."

அந்த வீடாம். அந்த வீட்டுப் படியாம். லொரெட்டாவின் காது மடல் சுட்டது. நோராவுக்கு ரொட்டியும் சூப்பும் கொடுத்தாள். ஆம்ப்ரோஸ் பெயரையும் சொல்லி அவரை விடுவித்தாள். அவர் பெட்டியைக் கழற்றி வைத்து, வேர்த்துக் கொட்டிய முகத்தோடு, நீ மவராசியா இரும்மா என்று ரொட்டியில் கை வைத்தார். வான்கோழியை அவரே தூக்கி அடுப்புக்குள் வைத்தார். மீதி இரண்டு பேர் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

தலையணை உறை வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. மூச்சை உள்ளிழுத்து ஒரு 'ம்'கூடச் சொல்லவில்லை. பேச வாய் ஏது? சொந்த வீட்டுச் சமையலறையில் முகமூடியோடு உட்கார வேண்டி வந்தவனுக்கு. லொரெட்டா நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"நீங்க யாருன்னு தெரியல. வெளியூரா இருக்கலாம். அதனால உங்ககிட்ட சொல்லலாம்," என்று ஆரம்பித்தாள். இந்த வீட்டுக்கு ஓர் ஆம்பளை இருந்தார் என்றாள். வருஷத்தில் பாதி நாள் அவர் ஊரில் இருந்ததில்லை. புயலில் கூரை பறந்தபோது ஏணியில் ஏறி ஆணி அடித்தது அவள். பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டிய குளிர்காலம் முழுக்க ராத்திரி எழுந்து விறகு போட்டது அவள். அவருடைய அப்பாவுக்குக் கடைசியில் சோறு ஊட்டி, துணி மாற்றி, கண்ணை மூடிவிட்டதும் அவள்தான், பெற்ற பிள்ளை இல்லை. இப்போது நகரத்தில் ஒருத்தி கிடைத்துவிட்டாள். அவள் கையில் அடுப்புக்கரி பட்டிருக்குமா என்றுகூடத் தெரியாது. அவளுக்காக இந்த வீட்டை விற்கப் போகிறார்களாம்.

"நீங்களே சொல்லுங்க. இது நியாயமா?"

தலையணை உறை மெல்லக் குனிந்தது. குனியட்டும், உறைக்கட்டும் என்று லொரெட்டா விட்டுவிட்டாள். நோரா எதையோ சொல்ல வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரு வேஷக்காரரை இன்னொருவர் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதும் வழக்கம்தான்.

லேஸ் திரை அசைந்தது. வேஷக்குரல் இல்லை. பிலோமினாவின் சொந்தக் குரல், கரகரத்துப் போய்.

"என் பேரைச் சொல்லுடி."

"தெரியலையே," என்றாள் லொரெட்டா.

"லொரெட்டா, வேகுதுடி உள்ள. சொல்லு."

"எனக்குத் தெரிஞ்ச பிலோமினான்னு ஒருத்தி இருந்தா. எங்க ரெண்டு ஊருக்கும் ஒரே பள்ளிக்கூடம், என் பக்கத்துல உக்காருவா. அவ என் வீட்டுக்கு வர்றதுக்கு வேஷம் கட்ட மாட்டா. அதனால நீங்க வேற யாரோ."

பிலோமினா திரைக்குள்ளேயே அழ ஆரம்பித்தாள். ஆம்ப்ரோஸ் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார். 

"நான் சத்தியம் பண்ணிக் கொடுத்துட்டேன்," என்றாள் திரைக்குள்ளிருந்து. "ஜனவரியில இல்ல. போன வாரமே. அப்பா ஜெரார்டுக்கு மட்டும்தான் கொடுத்தார்னு. அவன் வந்து கால்ல விழாத குறையா அழுதான். நீ கைவிட்டா இனி ஊர்ப்பக்கமே வர மாட்டேன்னான். கூடப் பொறந்தவன் ஒருத்தன்தானேடி எனக்கு. பைபிள்ல கை வச்சு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் உன்னை எப்படி மேசையில எதிர்ல உக்கார வச்சு சாப்பிடுவேன்? அதான் வேண்டாம்னேன்."

 இத்தனை நாளும் திமிர் என்று நினைத்தது திமிர் இல்லை. அதைவிட மோசம். திமிர் என்றால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். இவள் சத்தியத்தை விற்றுவிட்டு, வெட்கத்தை மறைக்கத் திரை போட்டுக்கொண்டு, அந்தத் திரையோடு வந்து லொரெட்டாவின் அடுப்பிலேயே குளிர் காய்கிறாள். எழுந்திருங்கள் எல்லாரும், வெளியே போங்கள் என்று சொல்லத் தொண்டை வரை வந்தது. நோரா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லொரெட்டா எழுந்து லேஸ் திரைக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

"பிலோமினா," என்றாள். "பேர் சொல்லிட்டேன். துணியை எடு. எடுத்துட்டுச் சொல்லு. அப்பா இங்க நின்னு என்ன சொன்னார்?"

பிலோமினா திரையை மேலே தூக்கினாள். வேர்வையும் கண்ணீருமாக ஊறிப்போன முகம். லொரெட்டாவைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க ரெண்டு பேருக்கும்னார். லொரெட்டா பேரைத்தான் முதல்ல சொன்னார். நான் வக்கீல்கிட்ட சொன்னது பொய்."

 லொரெட்டா தலையணை உறைப் பக்கம் திரும்பினாள். இத்தனை வருஷக் கோபமும் ஒரே பெயரில் வந்து நின்றது.

"கேட்டுக்கிட்டியா, ஜெரார்ட்?"

தலையணை உறை இடமும் வலமும் ஆடியது. இல்லை என்று.

அந்த நேரம் பார்த்து வெளியே சாலையில் ஹாரன் அலறியது. டிரக்கின் ஹாரன். நீளமாக, பொறுமையில்லாமல். லொரெட்டா ஜன்னலைப் பார்த்தாள், எதிரே உட்கார்ந்திருந்த உருவத்தைப் பார்த்தாள். நோரா கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நெட்டை உருவம் தன் கையாலேயே தலையணை உறையை உருவி எடுத்தது. பெயர் சொல்லாமல் முகம் காட்டக் கூடாது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கலைந்த செம்பட்டை முடி, வேர்த்துச் சிவந்த கன்னம். லொரெட்டா போட்டோவில் மட்டும் பார்த்திருந்த முகம்.

"அவர் வண்டியிலதான் இருக்கார்," என்றாள் கொலீன். "உள்ள வர மாட்டேன்னுட்டார். வான்கோழி வெந்ததும் எடுத்துட்டு வான்னு என்னை அனுப்பினார்."

லொரெட்டாவுக்கு இவ்வளவு நேரம் இவளிடமா இத்தனையும் சொன்னோம் என்று உடம்பெல்லாம் கூசியது. கூசிய கையோடு கோபமும் வந்தது. ஒன்றும் பொய் சொல்லவில்லையே, எதற்குக் கூச வேண்டும்?

கொலீன் தலையணை உறையை மடியில் வைத்து மடித்தாள். குரல் மெலிந்துதான் இருந்தது, ஆனால் தடுமாறவில்லை.

"இந்த வீடு வேண்டாம்னு நீங்களே எழுதிக் கொடுத்துட்டதா எங்கிட்ட சொன்னார். விருந்துக்கும் நீங்கதான் வரமாட்டேன்னுட்டீங்கன்னு சொன்னார்."

ஹாரன் மறுபடியும் அடித்தது. இரண்டு தடவை. ஆம்ப்ரோஸ் பழக்கதோஷத்தில் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் திரும்ப உட்கார்ந்தார். பிலோமினா கதவைப் பார்த்தாள்.

"போய் என்னன்னு கேட்டுட்டு வரவா?" என்றாள் நோரா.

"வேண்டாம்மா," என்றாள் கொலீன், பூட்ஸைக் கழற்றிக் காலை அடுப்புப் பக்கம் நீட்டியபடி. "குளிர் தாங்கலைன்னா, கதவத் தட்டி இது யார் வீடுன்னு சொல்லிட்டு உள்ள வரட்டும்."